கொரோனா டெஸ்ட்: ரிப்போர்ட் கையில் இல்லை என்று திரும்பி வந்துவிடாதீர்கள்

2021-ல், கொரோனா இரண்டாம் அலையின்போது, ஒரு தனியார் மருத்துவமனை வாசலில், ஆட்டோவின் பின்சீட்டில் ஒரு அம்மா மகன் தோளில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். விரலில் மாட்டியிருந்த, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரில் 86 சதவீதம்தான். வாசலில் நின்றவர் கேட்டது ஒரே கேள்வி: “பாசிட்டிவ் ரிப்போர்ட் இருக்கா?” முந்தின நாள்தான் காய்ச்சல் முகாமில் மாதிரி கொடுத்திருந்தார்கள். மகனிடம் இருந்தது அங்கே கொடுத்த சீட்டு மட்டும். “ரிப்போர்ட் வந்ததும் கூட்டிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள். அப்படி அனுப்பக் கூடாது என்று அதற்கு முன்பே உத்தரவு வந்திருந்தது. மகனுக்கு அது தெரியாது. அன்றைக்கு எனக்கும் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2021 மே 8 அன்று அறிவித்த சேர்க்கை விதி இதுதான்: கொரோனா சிகிச்சை மையத்தில் சேர பாசிட்டிவ் ரிப்போர்ட் கட்டாயம் இல்லை. அறிகுறி இருந்து ரிப்போர்ட் வராதவரை, சந்தேக நோயாளிகளுக்கான வார்டில் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும். வேறு ஊர்க்காரர், இந்த ஊர் முகவரியில் அடையாள அட்டை இல்லை என்று சொல்லியும் திருப்பி அனுப்பக் கூடாது. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டுக்கும் இது பொருந்தியது. விதி மேலிருந்து வந்துவிட்டது, வாசலில் நின்றவர் காதுக்குத்தான் அன்று போய்ச் சேரவில்லை.

ஆகவே வாசலோடு வாதம் பண்ணாதீர்கள். டூட்டி டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஆக்சிமீட்டர் காட்டும் எண்ணை முதலில் சொல்லுங்கள், ரிப்போர்ட் பேச்சை அப்புறம் எடுக்கலாம். அவரும் மறுத்தால், “என்ன காரணத்துக்காகச் சேர்க்கவில்லை என்று எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். எழுத்து என்றதும் பலர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வருவார்கள். அதே நேரம் கூட வந்த இன்னொருவர் தமிழக அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-க்கு அழைக்கட்டும். படுக்கையே இல்லை என்பது வேறு விஷயம், அதற்கும் அப்போது 104-தான். ஆனால் படுக்கை இல்லாததைச் சொல்லாமல் ரிப்போர்ட்டைக் காரணம் காட்டுவதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இனி டெஸ்ட் விஷயம். 2021-ல் ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை, காய்ச்சல் முகாம் எங்கே எடுத்தாலும் இலவசமாக இருந்தது. மாதிரி எடுக்க, ரிப்போர்ட் தர, எதற்கும் பத்து ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தனியார் லேபுக்குப் போனால், 2021 மே மாதம் தமிழக அரசு குறைத்த கட்டணப்படி, மூக்கு, தொண்டையில் எடுத்த மாதிரியை லேபில் சோதிக்கும் ஆர்டிபிசிஆர் பரிசோதனைக்கு 900 ரூபாயாக இருந்தது. வீட்டுக்கு வந்து எடுத்தால் கூடுதலாக 300. தமிழக அரசின் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருந்தவர்களுக்கான விலை 550. 2020 மார்ச்சில் இதே பரிசோதனைக்கு 4,500 ரூபாய் உச்சவரம்பு வைத்திருந்தார்கள், நினைவிருக்கட்டும்.

நான் பார்த்த ஒரு பில்லில் டெஸ்டுக்கு 900 என்று சரியாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே கவச உடைக்கு 400, ‘சர்வீஸ்’ என்று 250. மொத்தம் 1,550. மாதிரி கொடுக்கும் முன்பே “மொத்தம் எவ்வளவு?” என்று கேளுங்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் முதலிலேயே நீட்டுங்கள். பில் போட்ட பிறகு மாற்ற மாட்டார்கள். அதிகம் வாங்கினால் அந்தப் பில்லின் நகலை வைத்து மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு எழுதுங்கள். பில் இல்லாமல் புகார் நிற்காது, எனவே பில் தராத லேபில் மாதிரியே கொடுக்காதீர்கள்.

காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. 2021-ல் அது ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருந்த குடும்பங்களுக்கானது. பெயர்கள் ரேஷன் கார்டைப் பார்த்துத்தான் ஏறும். கல்யாணமாகி வந்த மருமகள் பெயர் இன்னும் பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலேயே இருக்கும். காய்ச்சல் வந்த அன்று அதை மாற்ற முடியாது. வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கும்போதே எடுத்துப் பாருங்கள்.

மாதிரி எடுக்கும் இடத்தில் நடக்கும் மிகப் பெரிய தப்பு, கைபேசி எண். வரிசையில் நூறு பேர் நிற்க, எழுதுபவர் அவசரத்தில் ஒரு இலக்கத்தை மாற்றிவிடுவார். குறுஞ்செய்தி யாருக்கோ போகும். நீங்கள் நாலு நாள் காத்திருப்பீர்கள். பெயர், வயது, எண் மூன்றையும் படிவத்தில் நீங்களே வாசித்துப் பாருங்கள். அப்புறம் எஸ்.ஆர்.எஃப். எண்ணை, அதாவது உங்கள் மாதிரிக்கான படிவ எண்ணை, கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். ரிப்போர்ட் வராமல் அலையும்போது அந்த எண் இருந்தால்தான் கணினியில் தேட முடியும். இல்லையென்றால், முகாமில் கேட்டால் சுகாதார நிலையம் என்பார்கள், அங்கே போனால் லேப் என்பார்கள், லேபில் முகாமுக்கே போகச் சொல்வார்கள்.

நெகட்டிவ் என்று வந்தும் காய்ச்சலும் இருமலும் இருந்தால் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மாதிரி சரியாக எடுக்காவிட்டாலும், ரொம்ப சீக்கிரம் எடுத்துவிட்டாலும் நெகட்டிவ் வரலாம். சில நிமிடங்களில் முடிவு சொல்லும் ரேப்பிட் ஆன்டிஜென் டெஸ்டில் நெகட்டிவ் வந்து அறிகுறி இருந்தால் ஆர்டிபிசிஆர் எடுத்தே ஆக வேண்டும். வீட்டிலேயே எடுக்கும் டெஸ்ட் கிட்டுக்கும் இதேதான். அதுவரை தனியாக இருங்கள், ஆக்சிஜன் அளவைப் பாருங்கள்.

குணமானவர்களை வேறு விதமாக வதைத்தார்கள். “நெகட்டிவ் ரிப்போர்ட் கொண்டு வா, அப்பதான் வேலை” என்று கம்பெனியில் சொன்னார்கள். ஒருமுறை பாசிட்டிவ் வந்தவருக்கு மறுபடி டெஸ்ட் எடுக்கக் கூடாது, டிஸ்சார்ஜுக்கும் தேவையில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2021 மே 4 அன்றே சொல்லிவிட்டது. வீட்டுத் தனிமை முடியவும் டெஸ்ட் வேண்டியிருக்கவில்லை. அறிகுறி தொடங்கி 10 நாள் கழிந்து, 3 நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் போதும் என்றது மத்திய அரசின் அப்போதைய வழிகாட்டுதல். செத்த வைரஸின் மிச்சம் இருந்தாலே ஆர்டிபிசிஆர் பாசிட்டிவ் காட்டும், அது சிலருக்கு வாரக்கணக்கில் இழுக்கும். ஒரு தையல் தொழிலாளி இப்படி மூன்று முறை டெஸ்ட் எடுத்து, மூன்று வாரக் கூலியை இழந்தார். அந்த மே 4 சுற்றறிக்கையை அச்செடுத்து மேனேஜர் மேஜையில் வைத்திருக்கலாம்.

கடைசியாக, ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைக்கு 5 லட்சம் வைப்பு நிதி, ஒருவரை இழந்த குழந்தையின் குடும்பத்துக்கு 3 லட்சம் என்று 2021 மே 29 அன்று முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் அறிவித்தார். இப்படி ஓர் உதவி கேட்டுப் போகும்போது, இறந்தவருக்குக் கொரோனா இருந்தது என்பதற்கு என்ன சான்று என்றுதான் முதலில் கேட்பார்கள். செல்போனில் வந்த செய்தி போன் கெட்டால் போய்விடும். இரண்டு பிரிண்ட் எடுத்து, ஒன்றை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்தாலும், மாதிரி கொடுத்த இடத்துக்கு உடனே போய்த் திருத்திக்கொள்ளுங்கள்.