டிராஃப்டில் கிடக்கும் பில்கள்

சொந்தமாகத் தொழில் செய்பவர்களின் கணக்கு வழக்குகளைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். ஒழுங்கு என்று பேச்சு வந்தாலே அதிகாலையில் எழுவதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். தாமதமாக எழுந்து தொழிலை அருமையாக நடத்துபவர்களையும் பார்த்திருக்கிறேன். தொழில் ஆட்டம் காண்பது பெரும்பாலும் வேறு இடத்தில்.

ஒரு டிசைனர் வந்தார். ராப்பகலாக உழைப்பவர், வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் கையில் காசு நிற்கவில்லை. மெயிலைத் திறக்கச் சொன்னேன். டிராஃப்டில் ஐந்து பில்கள் கிடந்தன. வேலையை முடித்துக் கொடுத்து மாதக்கணக்காகியும் அனுப்பாதவை. ஒன்றில் தொகை எழுதும் இடமே காலி. "எவ்வளவு போடறதுன்னு யோசிச்சேன் மேடம், அதுக்குள்ள அடுத்த வேலை வந்துடுச்சு" என்றார். காசு கேட்கக் கூச்சம், அவ்வளவுதான். எத்தனையோ திறமைசாலிகளை இந்தக் கூச்சம் மறுபடி சம்பள வேலைக்கே அனுப்பியிருக்கிறது. எனக்கு அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

தொகையே தெரியாதவர்களுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். வருடத்துக்கு 52 வாரம், வாரத்துக்கு 5 நாள் என்றால் 260 நாள். விடுமுறை, உடம்பு சரியில்லாத நாள் என்று 30 போனால் 230. வாரத்தில் ஒரு நாள் கணக்கு எழுதவும், புது வாடிக்கையாளரைத் தேடவும், பாக்கியைக் கேட்கவும் போய்விடும். அப்புறம் மிஞ்சுவது சுமார் 184 நாள். வருடச் செலவு முழுவதையும் அந்த 184 நாள்தான் சுமக்க வேண்டும். பழைய சம்பளத்தை 260-ஆல் வகுத்துக் கூலி சொல்பவர் அங்கேயே நஷ்டப்படுகிறார்.

வந்த பணம் முழுவதும் நம்முடையதும் இல்லை. சம்பளத்தில் வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். சொந்தத் தொழிலில் முழு வரியையும் அப்படிப் பிடித்துக் கட்ட ஆள் கிடையாது. அதனால் பணம் வந்த அன்றே வரிக்கான பங்கை வேறொரு வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். மாதக் கடைசியில் மிச்சத்தை எடுத்து வைக்கலாம் என்று காத்திருந்தால் மிச்சம் இருக்காது.

நாள் குறித்துக் கொடுப்பதிலும் இதே கண்டிப்பு வேண்டும். இதற்கு முன் தாமதமான அனுபவம் இருந்தும், இந்த முறை சீக்கிரம் முடிந்துவிடும் என்றே மனிதர்கள் நம்புகிறார்கள். கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-லேயே இதைத் 'திட்டமிடல் பிழை' என்று விளக்கியிருக்கிறார்கள். ஆகவே மனதில் தோன்றும் நாளைச் சொல்லாதீர்கள். இதே மாதிரி கடைசி மூன்று வேலைகள் நிஜமாக எத்தனை நாள் எடுத்தன என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தள்ளிப் போகும் என்று தெரிந்தால், கெடு முடிவதற்கு முன்பே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

அந்த டிசைனர் இப்போது தொகையைப் பேசி எழுதிக்கொண்ட பிறகே வேலையைத் தொடுகிறார். முடித்த ஃபைலும் பில்லும் ஒரே மெயிலில் போகின்றன. போன முறை வந்தபோது டிராஃப்டில் ஒன்றே ஒன்று இருந்தது, முந்தின நாள் தேதியிட்டது. என் எதிரிலேயே அனுப்பினார்.