சீனி இல்லாத கேக்கில் மிச்சமிருக்கும் சர்க்கரை

சீனி சேர்க்காத கேக்கைச் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் நீரிழிவுள்ள ஒருவரின் ரத்தச் சர்க்கரை கணிசமாக ஏறியிருந்தால், செய்தவர் ஏமாற்றிவிட்டார் என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. சீனியை முழுவதுமாக நீக்கிய பிறகும் அந்தக் கேக்கில் குளுக்கோஸாக மாறக்கூடிய பொருள் ஏராளமாக இருக்கிறது. அது மைதாவில் இருக்கிறது.

மைதா, சீனி, வெண்ணெய், முட்டை ஆகிய நான்கையும் சம எடையில் சேர்த்துச் செய்யும் பவுண்டு கேக்கை எடுத்துக்கொள்வோம். 200 கிராம் சீனி செரிக்கும்போது ஏறத்தாழ 105 கிராம் குளுக்கோஸாகவும் அதே அளவு ஃபிரக்டோஸாகவும் பிரிகிறது. ஃபிரக்டோஸின் பெரும்பகுதியைக் கல்லீரல் பிடித்துக்கொள்வதால் அது ரத்தக் குளுக்கோஸை நேரடியாக அதிகம் உயர்த்துவதில்லை. (அதனால் அது நல்லது என்று ஆகிவிடாது, அளவு மீறினால் கல்லீரலில் கொழுப்பாகச் சேரும்.) 200 கிராம் மைதாவில் உள்ள மாவுச்சத்து சுமார் 145 கிராம். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகளே ஒன்றோடொன்று கோத்த நீண்ட சங்கிலி என்பதால், நீரோடு சேர்ந்து உடைபடும்போது அது சுமார் 160 கிராம் குளுக்கோஸைத் தருகிறது. ஆக, சீனியை விலக்கியதால் குறைந்தது மொத்தக் குளுக்கோஸில் ஐந்தில் இரண்டு பங்கு மட்டுமே. மீதி மூன்று பங்கு அப்படியே தட்டில் இருக்கிறது.

டொராண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்பதை அளக்கும் கிளைசெமிக் குறியீட்டை 1981இல் வெளியிட்டபோது பலரை வியக்கவைத்ததும் இதுதான். குளுக்கோஸுக்கு 100 என்று வைத்தால், சீனிக்கு 65 அளவிலும் வெள்ளை ரொட்டிக்கு 75 அளவிலும் மதிப்பு வருகிறது. மைதாவுக்குப் பதில் கோதுமை மாவைப் போட்டால் தப்பித்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கும் இங்கே அதிக இடமில்லை. முழுக்கோதுமை ரொட்டியின் மதிப்பும் ஏறக்குறைய அதே அளவுதான். தவிடு நைசாக அரைபட்டுவிட்டால் மாவுச்சத்தை நொதிகள் எட்டாமல் காக்கும் வேலி உடைந்துவிடுகிறது. வெல்லமும் கருப்பட்டியும் சேர்த்துவிட்டு ‘சீனி இல்லை’ என்று சொல்லிக்கொள்வதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அவற்றின் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான்.

ஆனாலும் சீனியை எடுத்தாக வேண்டும். எடுத்தால் இனிப்பு மட்டும் போவதில்லை என்பதே அடுத்த சிக்கல். வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது சீனிப் படிகங்களின் முனைகள் வெண்ணெய்க்குள் காற்றைச் செருகுகின்றன. பின்னர் ஓவனில் விரிவடைவது அந்தக் காற்றுக் குமிழ்களே. மாவில் கரைந்த சீனி நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால் குளூட்டன் என்னும் கோதுமைப் புரதம் இறுகுவது மட்டுப்படுகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது வெப்பநிலை பற்றியது: வெறும் நீரில் 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே ஊதி வேகத் தொடங்கும் கோதுமை மாவுச்சத்து, சீனிச் செறிவு மிகுந்த கேக் மாவில் 80 டிகிரியைத் தாண்டும்வரை காத்திருக்கிறது, முட்டையின் புரதமும் அவ்வாறே தாமதமாக உறைகிறது. அந்தத் தாமதத்தில்தான் பேக்கிங் பவுடர் வாயுவை வெளியிட்டு, குமிழ்கள் பெருகி, கேக் உயர்கிறது. சீனி இல்லாத மாவு சீக்கிரமே இறுகிவிடுவதால், பின்னால் வரும் வாயு வெளியேற வழியின்றி மேற்பரப்பைப் பிளந்துகொண்டு போகிறது. வெடித்த மேடும் கல் போன்ற அடியும் கொண்ட கேக் உருவாவது இப்படித்தான்.

சுக்ரலோஸ் என்னும் செயற்கை இனிப்பூட்டி இதற்கு உதவாது. 1976இல் லண்டனில் சசிகாந்த் பட்னிஸும் லெஸ்லி ஹாவும் இனங்கண்ட இந்தப் பொருள் சீனியைவிட ஏறத்தாழ 600 மடங்கு இனிப்பானது என்பதால், 200 கிராம் சீனிக்கு ஈடாக ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு போதும். 200 கிராம் பருமன் காணாமல் போய்விடுகிறது. அந்தக் குறையை நிரப்பக் கடைப் பொடிகளில் பல நேரம் மால்டோடெக்ஸ்ட்ரின் கலக்கிறார்கள். அதுவோ சீனியைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும் மாவுச்சத்துத் துண்டு. மேலும், 120 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது சுக்ரலோஸிலிருந்து தீங்கான குளோரின் சேர்மங்கள் உருவாகக்கூடும் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019இல் எச்சரித்தது. ஆகவே அதை ஆறிய பண்டத்தில் கலப்பதே உசிதம். மற்றொரு செயற்கை இனிப்பூட்டியான அஸ்பார்டேம் ஓவன் சூட்டில் சிதைந்து இனிப்பையே இழக்கிறது. இனிப்புத்துளசிச் (ஸ்டீவியா) சாறு சூட்டைத் தாங்கும், ஆனால் பருமன் தராது.

பருமனும் தந்து ரத்தச் சர்க்கரையையும் ஏற்றாதது எரித்ரிட்டால் என்னும் சர்க்கரை ஆல்கஹால். சிறுகுடலில் உறிஞ்சப்பட்டாலும் உடல் அதை எரிப்பதில்லை. பெரும்பகுதி சிறுநீரில் அப்படியே வெளியேறுகிறது. சீனியின் இனிப்பில் அறுபது, எழுபது விழுக்காடு இதற்கு உண்டு. குறைகளும் உண்டு. சீனி கரையும் அளவில் மூன்றில் ஒரு பங்குகூட நீரில் கரையாததால், மறுநாள் கேக்கில் மீண்டும் படிகமாகி நறநறக்கும். பொடித்துச் சேர்த்தால் ஓரளவு குறையும். கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால் நாக்கில் சில்லென்று இருக்கும். பழுப்பு நிறம் தரும் வினைகளில் பங்கேற்காததால் கேக் வெளிறியே நிற்கும். ரத்தத்தில் எரித்ரிட்டால் மிகுந்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் காணப்பட்டதாக 2023இல் ஓர் ஆய்வு கூறியது. அது தொடர்பைக் காட்டியதே தவிரக் காரணத்தை நிறுவவில்லை. என்றாலும் இதய நோயும் உள்ளவர்கள் தினமும் உண்ணாமல் இருப்பது நல்லது. அதே வகையைச் சேர்ந்த மால்டிட்டாலை நான் பரிந்துரைக்கமாட்டேன்: சீனியைப் போலவே நன்றாக வேகும், அதே சமயம் சீனியின் பாதி அளவுக்கு ரத்தச் சர்க்கரையையும் உயர்த்தும், வயிற்றையும் கலக்கும்.

மாவையும் மாற்றினால்தான் கணக்கு உண்மையில் மாறுகிறது. 200 கிராம் பாதாம் மாவில் செரிக்கக்கூடிய கார்போஹைட்ரேட் ஏறத்தாழ 20 கிராம். மைதாவில் இருந்ததில் ஏழில் ஒரு பங்கு. தோல் நீக்கி லேசாக வறுத்துப் பொடித்த வேர்க்கடலையும் இந்த வகையில் பாதாமுக்குச் சளைத்ததில்லை, விலையும் குறைவு; அரைக்கும்போது எண்ணெய் பிரியாமல் விட்டுவிட்டு அரைக்க வேண்டும். இவற்றில் குளூட்டனும் இல்லை, வெந்து இறுகும் மாவுச்சத்தும் அதிகம் இல்லை என்பதால் கட்டமைப்பு முழுவதையும் முட்டை தாங்க வேண்டியிருக்கிறது. 200 கிராம் மாவுக்கு நான்கு முட்டைகள், 100 கிராம் பொடித்த எரித்ரிட்டால், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கொஞ்சம் உருக்கிய வெண்ணெய் என்று கொண்டு, வெண்கருவைத் தனியே நுரைக்க அடித்து மெதுவாகக் கலந்தால், சீனிப் படிகங்கள் செய்த காற்றுச் செருகும் வேலையை அந்த நுரை செய்துவிடும். 160 டிகிரியில் நிதானமாக வேகவைப்பது நல்லது; கொட்டைகளின் சொந்தப் புரதமும் சிறிதளவு சர்க்கரையும் வினைபுரிந்து ஓரளவு பொன்னிறம் தருகின்றன. பட்டையோ வெனிலாவோ சேர்த்தால், இனிப்போடு பழகிப்போன மணம் என்பதால், மூளை இனிப்பைச் சற்றுக் கூட்டியே உணர்கிறது. கொழுப்பும் கலோரியும் மைதா கேக்கைவிடக் குறைந்துவிடாது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இதைவிட எளிதானது ஓவனில் வைக்கும் முட்டைக் கஸ்டர்டு. அரை லிட்டர் பாலில் லாக்டோஸ் சுமார் 24 கிராம். ஐந்து பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 5 கிராமும் வராது. சீனி இல்லாததால் முட்டை சீக்கிரம் உறைந்து திரிந்துபோகும் ஆபத்து இருப்பதால், கிண்ணங்களைச் சுடுநீர்த் தட்டில் இறக்கி வைத்து, நடுப்பகுதி லேசாக ஆடும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் வழக்கமான கேக்குக்குக் கணக்கிட்ட அளவையே இவற்றுக்கும் போட்டால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும்; அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். அப்படித் தாழ்ந்து கை நடுங்கி வியர்க்கும் நேரத்தில் இந்தக் கேக் கைகொடுக்காது. அப்போது தேவைப்படுவது குளுக்கோஸ் அல்லது சீனி கரைத்த நீர்.