கையெழுத்துப் போட்ட பிறகும் உப்பு வேலை செய்யும்

ஓர் ஐப்பசி அடைமழையில் கடலூரிலிருந்து போன் வந்தது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர், என்னிடம் ஆறு மாதத்துக்கு முன்புதான் படம் வாங்கியிருந்தார். "ஏம்மா, உங்க படத்துக்கு வேர்க்குதும்மா" என்றார்.

முதலில் சிரிப்புதான் வந்தது. மறுநாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. படத்தின் கீழ்ப்பாதியில் பொடிப்பொடியாக நீர் அரும்பி, ஒரு கோடு சட்டம் வரை வழிந்திருந்தது. அந்தக் கீழ்ப்பாதியில் இருந்தது வீராம்பட்டினம் கடற்கரை மணல். ஒரு பை நிறைய அள்ளி வந்து, வெயிலில் காயவைத்து, பசையில் குழைத்துப் பூசியிருந்தேன். கழுவத் தோன்றவே இல்லை.

உப்பு ஜாடி மழைக்காலத்தில் நசநசவென்று ஆவதை எல்லா வீட்டிலும் பார்க்கிறோம். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால், சோற்றுப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். நம் கடலோரத்தில் அடைமழை மாதங்களில் அந்த அளவைத் தாண்டாத நாள் குறைவு. பிறகு தையில் வறண்ட காற்று வரும்போது அதே உப்பு மறுபடி படிகமாகும். படிகத்துக்கு இடம் வேண்டும், அதனால் மேலே இருக்கும் வண்ணத்தை நெட்டித் தள்ளும். வேர்ப்பது முதல் கட்டம், பொரிந்து உதிர்வது அடுத்த கட்டம். படத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு, பணத்தை இரண்டு தவணையாகக் கொடுத்தேன். ஒரே தவணையாகக் கொடுக்க அன்று என்னிடம் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நான் அரூப ஓவியத்துக்கு (ஆளோ மரமோ எதையும் காட்டாத, நிறமும் பரப்பும் மட்டுமான ஓவியம்) வந்ததே உப்பால்தான். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுச் சுவரில் உப்பு பூக்கும். வெள்ளைச் சுண்ணாம்பு பொரிந்து கீழே காவி தெரியும், காவி உதிர்ந்தால் எப்போதோ யாரோ அடித்த நீலம் தெரியும். அம்மா வருடா வருடம் பொங்கலுக்குச் சுரண்டிப் புதிதாக அடிப்பாள், கார்த்திகைக்குள் மறுபடி வந்துவிடும். எந்த உருவமும் இல்லாமல் இத்தனை சங்கதி சொல்லும் பரப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இன்றும் என் வேலை அதுதான்: அடுக்கு மேல் அடுக்காகப் போட்டு, சுரண்டி, அடியில் இருப்பதை எவ்வளவு வெளியே விடலாம் என்று பார்ப்பது. சுவரைப் போலவே வரைய ஆசைப்பட்டேன். சுவரின் வியாதியும் கூடவே வந்துவிட்டது.

அதனால் இந்தக் கரையில் மிக்ஸட் மீடியா (வண்ணத்தோடு மணல், காகிதம் மாதிரிப் பொருள்களையும் சேர்க்கும் ஓவியம்) செய்கிறவர்களும் வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஓவியர் கையெழுத்துப் போட்டதும் படம் முடிந்துவிடுவதில்லை. உள்ளே ஒட்டியிருக்கும் மணல், காகிதம், துணி, இரும்பு எல்லாம் தம்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்.

மணலை இப்போது ஏழெட்டு முறை அலசுகிறேன். கடைசி அலசலை ஒரு கறுப்புத் தட்டில் சொட்டுவிட்டுக் காயவைத்தால், உப்பு மீதமிருந்தால் வெள்ளை வளையம் தெரியும். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரே வளையம் போடும் என்பதால் கடைசி இரண்டு அலசலுக்குக் கேன் தண்ணீர். படத்துக்குக் கேன் தண்ணீரா என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். மணலைவிட எனக்குப் பிடித்தது பொம்மையார்பாளையம் பக்கத்துச் செம்மண். அதன் சிவப்பு இரும்பு ஆக்சைடு. வெயிலுக்கு அசையாது.

எல்லாச் சிவப்பும் அப்படியல்ல. அமெரிக்க அரூப ஓவியர் மார்க் ராத்கோ 1960-களின் தொடக்கத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்காகப் பெரிய ஓவியங்களை வரைந்தார். அதில் கலந்த லித்தால் ரெட் என்ற சிவப்பு, ஜன்னல் வழியாக வந்த வெயிலில் வெளுத்துப்போய், 1979-இல் படங்களையே கழற்றிவிட்டார்கள். 2014-இல் காட்சிக்கு வைத்தபோது, இழந்த நிறத்தை விளக்கொளியாகப் படத்தின் மேல் வீச வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய கைக்கே அப்படி. வண்ணக் குப்பியின் மேல் ஒளி தாங்கும் தன்மை அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

அடுக்கில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள். அக்ரிலிக் வண்ணம், அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிக் காய்கிறது. எண்ணெய் வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுக் கெட்டியாகிறது, அதற்கு மாதக்கணக்கில் ஆகும். காய்ந்த அக்ரிலிக் மேல் எண்ணெய் நிற்கும். எண்ணெய் மேல் அக்ரிலிக் நிற்காது, ஒருநாள் பாளமாக உரியும். மரவேலைக்கான வெள்ளைப் பசையை எல்லோரும்தான் பயன்படுத்துகிறோம், நானும்தான். ஆனால் அது வெக்கைக்கும் ஈரத்துக்கும் இளகும். கனமான எதையும் அதை நம்பி ஒட்டுவதில்லை.

காகிதம் ஒட்டுவது புதுசு ஒன்றுமில்லை, பிக்காசோ 1912-இலேயே கேன்வாஸில் மெழுகுத்துணி ஒட்டி, ஓரத்தில் கயிறு சுற்றியவர். நம் ஊரில் பழைய செய்தித்தாளை ஒட்டுவது ஒரு மோகம். அதில் லிக்னின் என்ற மரப்பொருள் இருக்கிறது, சில வருடத்தில் பழுத்து, அமிலமாகி, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். பழுப்பு வேண்டுமென்றே ஒட்டினால் சரி. இல்லையென்றால் பருத்திக் கந்தலில் செய்த காகிதம் நல்லது. 1959 முதல் இயங்கும் ஸ்ரீ அரவிந்தர் கைக்காகிதத் தொழிற்சாலை இங்கேயே இருக்கும்போது நாம் ஏன் அலைய வேண்டும்? கஞ்சிப் பசை போட்டால் பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி. சிலர் அதற்காக மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

அடுத்தது உடம்பு. சுரண்டுவதும் தேய்ப்பதும்தான் என் பாணி என்றேன். பல வருடம் வெறும் முகத்தோடு உப்புத்தாள் போட்டேன் (பாருங்கள், அதன் பேரிலும் உப்பு). இரவில் இருமல் வந்தால் சளி என்று கஷாயம் குடிப்பேன். டாக்டர் என் மூக்கைத் துடைத்துக் காட்டிய பஞ்சில் அன்றைக்கு நான் தேய்த்த மஞ்சள் இருந்தது. குரோம் மஞ்சளில் ஈயம் உண்டு, கேட்மியம் வண்ணங்களில் கேட்மியம் என்ற நச்சு உலோகம் இருப்பதை அவற்றின் பேரே சொல்கிறது. கோலமாவுக் கல்பொடி, பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) எல்லாமே நுரையீரலுக்கு ஆகாத தூசி. இப்போது என்-95 முகக்கவசம் இல்லாமல் தேய்ப்பதில்லை, முடிந்தவரை ஈரமாக்கித் தேய்க்கிறேன், தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கிறேன். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாக்கள் பரணில் கிடந்தால் படத்துக்கு எடுக்காதீர்கள்.

எண்ணெய் வண்ணத்தில் கலக்கும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. அது காயும்போது சூடாகும், சூடு வெளியேற வழியில்லாவிட்டால் தானாகவே தீப்பிடிக்கும். நெருப்பு வைக்கவே வேண்டாம். தண்ணீர் ஊற்றிய மூடிபோட்ட தகர டப்பாதான் அதற்கு இடம்.

எனக்கு ஒரு படம் முடிய மூன்று நான்கு மாதம் ஆகிறது. பாதி, காய்வதற்கான காத்திருப்பு. அந்த நாட்களில் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவேன். மறுபடி திருப்பும்போது எது உறுத்துகிறதோ அதைச் சுரண்டுவேன், எதுவும் உறுத்தாவிட்டால் நிறுத்துவேன். அரூபம்தானே, எதை வேண்டுமானாலும் அள்ளி அப்பலாம் என்று நினைக்கும் தம்பி தங்கைகளைப் பார்க்கும்போது கொஞ்சம் கோபம் வரும். உருவம் இல்லாத படத்தில் பொருளை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

வாங்குகிறவர்களே, படத்தைக் குளியலறைச் சுவரிலும் மழைச் சாரல் அடிக்கும் சுவரிலும் மாட்டாதீர்கள். சட்டத்தின் பின்மூலைகளில் கார்க் துண்டு ஒட்டி விரல்கடை இடைவெளி விடுங்கள், காற்று போகட்டும். ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், மெல்லிய உலர்ந்த பிரஷ் போதும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது, என் பட்டறையில் தரையோடு இருந்த ஆறு படங்கள் நனைந்தன. அப்படி நனைந்தால் வெயிலில் போடாதீர்கள். முகம் மேலே பார்க்கக் கிடத்தி, மின்விசிறியை அறைக்குள் ஓடவிட்டு, மெதுவாகக் காயவிடுங்கள். உரிந்த இடத்தைக் கையால் அழுத்தினால் அது கையோடு வந்துவிடும். ஆறில் நான்கு தேறின.

கேன்வாஸின் பின்சட்டத்தில் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று வரிசையாக எழுதச் சொல்லி ஓவியரிடம் கேளுங்கள். என்ன மணல், என்ன பசை, எந்த வருடம். நான் எழுதிக் கொடுக்கிறேன். பின்னாளில் யாராவது அதைச் சரிசெய்ய உட்கார்ந்தால், அவருக்கு அது மருத்துவச் சீட்டு மாதிரி.

கடலூர்ப் பெரியவர் வீட்டில் இப்போது வேறொரு படம் இருக்கிறது. செம்மண், பருத்திக் காகிதம், அக்ரிலிக். மழைநாளில் அவர் பேர் போனில் தெரிந்தால் இன்னமும் எனக்கு வயிற்றைக் கலக்கும். போன ஐப்பசியில் கூப்பிட்டார். பேத்திக்குக் கல்யாணமாம், பத்திரிகை அனுப்ப முகவரி கேட்டார்.