‘ட்ரேட்’ என்னும் ஹாக்கிச் சொல்: பொருளும் வேரும் தமிழ் நிகரும்

பனித்தளத்தில் ஆடப்படும் வட அமெரிக்க ஹாக்கியில் ‘ட்ரேட்’ என்பது, ஓர் அணி தன்னிடம் ஒப்பந்தத்தில் உள்ள வீரரை இன்னோர் அணிக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக அந்த அணியிடமிருந்து வேறொரு வீரரையோ, புதுமுக வீரர் தேர்வில் ஒரு வாய்ப்பையோ, இரண்டையும் சேர்த்தோ பெற்றுக்கொள்வதைக் குறிக்கும். கொடுப்பதும் பெறுவதும் ஒரே ஏற்பாட்டுக்குள் நடக்க வேண்டும் என்பதே இச்சொல்லின் உயிர். தமிழ்ச் செய்திகளில் இது ‘வர்த்தகம்’ என்றும், சில வேளைகளில் ‘விற்பனை’ என்றும் எழுதப்படுகிறது. இவ்விரு சொற்களும் நடந்ததைத் தவறாகக் காட்டுகின்றன என்பதோடு, அந்தப் பரிமாற்றத்தால் எந்த அணிக்கு ஆதாயம் என்ற விவாதத்தையும் திசைதிருப்பிவிடுகின்றன.

ஆங்கிலத்தில் இச்சொல் பிறந்தபோது அதற்கும் வணிகத்துக்கும் தொடர்பில்லை. பதினான்காம் நூற்றாண்டளவில் இடைக்காலக் கீழ்ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த இது, நடந்து நடந்து உண்டான தடத்தையும் கப்பல் செல்லும் வழியையும் குறித்தது; மிதித்து நடத்தல் எனப் பொருள்படும் ‘ட்ரெட்’ என்ற ஆங்கில வினை இதன் உடன்பிறப்பு. தடம் என்ற பொருளிலிருந்து ஒருவர் வழக்கமாகச் செல்லும் வழி, வழக்கமாகச் செய்யும் தொழில், அத்தொழிலில் நடக்கும் கொடுக்கல் வாங்கல் என்று பொருள் படிப்படியாக நகர்ந்தது. நம் புவியியல் பாடநூல்களில் வரும் ‘வியாபாரக் காற்று’ இந்தப் பழைய பொருளை அறியாமல் செய்த மொழிபெயர்ப்பு. மாறாத தடத்தில் வீசுகிற காற்று என்பதே அந்தத் தொடரின் முதற்பொருள். வணிகக் கப்பல்களின் நினைவு பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பெறுதல் என்ற குறுகிய பொருள் அமெரிக்க ஆங்கிலத்தில் வலுப்பெற்று, அங்குள்ள தொழில்முறை விளையாட்டுகளின் கலைச்சொல்லாக நிலைத்தது.

எனவே ‘வர்த்தகம்’ ஏன் பொருந்தாது என்பது எளிதில் விளங்கும். வர்த்தகம், வணிகம், வியாபாரம் ஆகிய மூன்றும் இலாபம் கருதித் தொடர்ந்து நடக்கும் தொழிலைக் குறிப்பவை. ஒருமுறை நடக்கும் ஒரு மாற்றத்தை அவை குறிப்பதில்லை. ‘அவர் வர்த்தகம் செய்யப்பட்டார்’ என்று எழுதும்போது ஒரு மனிதரைச் சரக்காக்கிவிடுகிறோம் என்பதும் என்னை உறுத்துகிறது. ‘விற்பனை’ இன்னும் பிழையானது. 1988 ஆகஸ்ட் 9 அன்று ஹாக்கியின் மாபெரும் நட்சத்திரமான வெய்ன் கிரெட்ஸ்கி எட்மன்டன் ஆயிலர்ஸ் அணியிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணிக்குச் சென்றபோது, வீரர்களோடும் முதற்சுற்றுத் தேர்வு வாய்ப்புகள் மூன்றோடும் 1.5 கோடி அமெரிக்க டாலரும் கைமாறியது. கனடா முழுவதும் கொதித்தெழுந்தது; அந்த ஏற்பாட்டை அரசே தடுத்து நிறுத்த வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கோரும் அளவுக்குச் சென்றது. அதை விற்பனை என்று மக்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் 2005-ஆம் ஆண்டு, ஓர் அணி தன் வீரர்களின் ஊதியத்துக்குச் செலவிடக்கூடிய தொகையைக் கட்டுப்படுத்தும் ஊதிய உச்சவரம்பு வந்த பிறகு, வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் வீரருக்கு ஈடாகப் பணம் தர முடியாது. இன்று அங்கே நடப்பது தூய மாற்று. இந்தியன் பிரீமியர் லீக்கில் நிலைமை வேறு. அங்கே முழுக்கப் பணத்துக்கே ஒரு வீரரைப் பெறலாம். சஞ்சு சாம்சன் சென்னைக்கும், ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கும் மாறிய 2025 நவம்பர் ஏற்பாடு ஹாக்கிப் பொருளிலும் ‘ட்ரேட்’ ஆகும். வெறும் பணத்துக்கு ஒருவர் அணி மாறுவதற்கு அதே சொல்லை வழங்குவது கிரிக்கெட்டின் தனி வழக்கு.

‘இடமாற்றம்’ என்ற சொல்லையும் சிலர் முன்வைக்கின்றனர். அரசு அலுவலர் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற்றப்படுவதை அது குறிக்கிறது. ஐரோப்பியக் கால்பந்தில் ஒரு கழகம் தொகை செலுத்தி வீரரைப் பெறுவதற்கும் அது பொருந்தும். ஆனால் எதிர்த்திசையில் இன்னொருவர் வருகிறார் என்ற செய்தி அச்சொல்லில் இல்லை. ‘மாற்று வீரர்’ என்பது ஆட்டத்தின் நடுவே களமிறங்குபவருக்கு ஏற்கெனவே வழங்கும் பெயர். ‘கைமாற்று’ என்பதோ பத்திரம் எழுதாமல் வாங்கும் சிறு கடன். அதை இங்கே கொண்டுவந்தால் வீரரைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்ற பொருள் வந்துவிடும்.

தமிழில் இந்தக் கருத்துக்குரிய வேர் ‘மாறு’ என்பதே. நெல்லுக்கு உப்பைக் கொடுத்து வாங்கிய காலத்தில் ‘நெல்லின் நேரே வெண்கல் உப்பு’ என்று உப்பு வணிகரான உமணரின் மகள் கூவிச் செல்வதை அகநானூற்றின் 140-ஆம் பாட்டு சொல்கிறது. அவ்வாறு கூறுவதை அப்பாட்டு ‘விலைமாறு கூறல்’ என்கிறது. ‘நேரே’ என்ற அச்சொல்லில் இரு பொருள்களும் ஈடானவை என்ற உறுதி இருக்கிறது. இதே வேரிலிருந்து வந்த ‘பண்டமாற்று’ பொருளுக்கு உரியது; மனிதருக்கு ஆகாது. ‘பரிமாறு’ என்ற வினைக்கு உணவு படைத்தல் என்ற பொருளோடு, ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளுதல் என்ற பொருளும் உண்டு. கருத்துப் பரிமாற்றம், தகவல் பரிமாற்றம் என்று நாம் அன்றாடம் எழுதுகிறோம். அவ்வகையில் ‘வீரர் பரிமாற்றம்’ என்பதே ‘ட்ரேட்’ என்பதற்கு ஏற்ற தமிழ் நிகர் என்று கருதுகிறேன். இரு தரப்பும் கொடுக்கின்றன, இரு தரப்பும் பெறுகின்றன என்பதை அது தெளிவாகச் சொல்கிறது. யார் வென்றார் என்று முன்கூட்டியே தீர்ப்பளிப்பதுமில்லை.

ஆனால் உண்மையில் பரிமாறப்படுவது எது? இதை அறிய, சோபிக்காத இரு முன்கள வீரர்கள் ஒருவருக்கு ஒருவராக மாறிய ஒரு நிகழ்வைப் பார்ப்பதே நல்லது. 2019 ஜூலை 19 அன்று கால்கரி ஃபிளேம்ஸ் அணி ஜேம்ஸ் நீலை எட்மன்டன் ஆயிலர்ஸ் அணிக்குக் கொடுத்து, அங்கிருந்து மிலன் லூச்சிச்சைப் பெற்றது. ஆல்பர்ட்டா மாகாணத்தின் இவ்விரு அணிகளும் பரம வைரிகள். தங்களுக்குள் வீரர்களைப் பரிமாறிக்கொள்வது மிக அரிது. நீல் தம் முதல் பத்துப் பருவங்களிலும் 20 கோல்களுக்குக் குறையாமல் அடித்தவர். கால்கரியில் ஆடிய ஒரே பருவத்தில் 63 ஆட்டங்களில் 7 கோல்கள்தாம் அடித்தார். லூச்சிச் 2016-இல் ஏழு ஆண்டுகளுக்கு 4.2 கோடி டாலர் ஒப்பந்தத்தில் எட்மன்டனுக்கு வந்தவர். 2018–19 பருவத்தில் 79 ஆட்டங்களில் 6 கோல்கள். உச்சவரம்புக் கணக்கில் நீலுக்கு ஆண்டுக்கு 57.5 லட்சம் டாலர், லூச்சிச்சுக்கு 60 லட்சம் டாலர்; இரு ஒப்பந்தங்களும் 2022–23 வரை நீண்டன. எட்மன்டன் லூச்சிச்சின் சுமையில் எட்டில் ஒரு பங்கை, அதாவது ஆண்டுக்கு 7.5 லட்சம் டாலரை, தானே வைத்துக்கொள்ளச் சம்மதித்தது. அத்துடன் ஒரு நிபந்தனையும் சேர்ந்தது: வரும் பருவத்தில் நீல் 21 கோல்களேனும் அடித்து, லூச்சிச் அவரைவிடப் பத்து கோல்களேனும் பின்தங்கினால், எட்மன்டன் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வு வாய்ப்பைக் கால்கரிக்குத் தர வேண்டும்.

கோல்களை மட்டும் எண்ணுபவருக்கு விடை புதிய பருவம் தொடங்கிய சில நாட்களிலேயே கிடைத்துவிட்டது. 2019 அக்டோபர் 8 அன்று நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்கு எதிராக நீல் ஒரே ஆட்டத்தில் நான்கு கோல்கள் அடித்தார். எதிரணி வீரர் தண்டனை பெற்று வெளியே அமர்ந்திருக்கும் ‘பவர் பிளே’ நேரத்தில் கோல் முகப்பில் நின்று முடிப்பது அவருக்குக் கைவந்த கலை. பெருந்தொற்றால் பருவம் மார்ச் மாதத்தில் நின்றபோது அவர் 55 ஆட்டங்களில் 19 கோல்கள் அடித்திருந்தார்; லூச்சிச் 68 ஆட்டங்களில் 8. நிபந்தனை எண்ணிக்கையை எட்ட இரண்டு கோல்களே குறைந்தன என்றாலும், பருவம் முழுமையடையாததைக் கருதி, தேர்வு வாய்ப்பு கால்கரிக்கே சேர வேண்டும் என்று லீக் முடிவு செய்தது. ஈடு சமமாக அமைய வேண்டும் என்ற பழைய ‘நேரே’ இங்கே நிபந்தனை விதியாக உருவெடுத்தது என்று சொல்லலாம்.

எனினும் எட்மன்டனின் மேலாளர் கென் ஹாலந்தும் கால்கரியின் மேலாளர் பிராட் ட்ரெலிவிங்கும் பேரம் பேசியது கோல்களைப் பற்றி மட்டும் அன்று. 26 வயது கடந்த வீரரின் ஒப்பந்தத்தை அணி முறித்துக்கொள்ள விரும்பினால், எஞ்சிய ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கை, எஞ்சிய ஆண்டுகளைப் போல் இரு மடங்கு காலத்தில் கொடுத்துத் தீர்க்கலாம். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதற்காகத் தரப்படும் கையெழுத்து ஊக்கத்தொகைக்கு இந்தக் குறைப்புக் கிடையாது. லூச்சிச்சின் ஒப்பந்தத்தில் பெரும்பகுதி ஊக்கத்தொகையாக இருந்ததால் அதை முறிப்பதில் பயனே இல்லை. நீலின் ஒப்பந்தம் அப்படிப்பட்டதன்று. எட்மன்டன் பெற்றது நீல் என்ற முன்கள வீரரை மட்டுமன்று, முறித்துக்கொள்ளும் உரிமையையும்தான். 2021 ஜூலையில் அந்த உரிமையை எட்மன்டன் பயன்படுத்தியது. அதன் பிறகு நீலின் பெயரில் உச்சவரம்பில் ஏறியது 2024–25 வரை ஆண்டுக்குச் சுமார் 19.2 லட்சம் டாலர் மட்டுமே.

கூட்டிப் பார்த்தால், லூச்சிச்சை வைத்திருந்தால் எட்மன்டனின் உச்சவரம்பில் நான்கு ஆண்டுகளில் 2.4 கோடி டாலர் அடைபட்டிருக்கும். பரிமாற்றத்துக்குப் பின் ஆறு ஆண்டுகளில் சுமார் 2.22 கோடி அடைபட்டது. கால்கரிக்கு 2.3 கோடி 2.1 கோடியாகக் குறைந்தது. ஆக, தொகையில் இரு அணிகளும் ஏறக்குறைய ஒரே அளவு மிச்சம் பிடித்தன. களத்தில் கிடைத்த உழைப்பில் கால்கரியே முந்தியது: லூச்சிச் ஒப்பந்தம் முடியும்வரை அங்கே 283 ஆட்டங்கள் ஆடினார், நீல் எட்மன்டனுக்கு ஆடியது 84. அப்படியிருந்தும் ஆதாயம் எட்மன்டனுக்கே கூடுதல் என்பது என் முடிவு. 2021 முதல் 2023 வரையிலான இரு பருவங்களில், பரிமாற்றம் நடவாதிருந்தால் இருக்கக்கூடியதைவிட ஆண்டுக்குச் சுமார் 33 லட்சம் டாலர் இடம் அந்த அணிக்குக் கூடுதலாகக் கிடைத்தது. அது கானர் மெக்டேவிட் என்ற தலைசிறந்த வீரரைச் சுற்றி அணியைக் கட்ட வேண்டிய காலம். அதே 2021 ஜூலையில்தான் ஸாக் ஹைமனை ஆண்டுக்கு 55 லட்சம் டாலருக்கு எட்மன்டன் ஒப்பந்தம் செய்தது. அவர் 2023–24 பருவத்தில் 54 கோல்கள் அடித்தார். ஹைமனுக்கான இடம் முழுவதும் இந்தப் பரிமாற்றத்தால் வந்தது என்று சொல்ல முடியாதுதான். ஆனால் லூச்சிச்சின் முறிக்க முடியாத ஒப்பந்தம் கையில் இருந்திருந்தால் அந்தக் கணக்கு மிகவும் இறுகியிருக்கும்.

இதிலிருந்து சொல்லாட்சிக்கும் ஒரு தெளிவு கிடைக்கிறது. பொது வாசகருக்கு எழுதும்போது ‘வீரர் பரிமாற்றம்’ போதும். உச்சவரம்பு, ஊக்கத்தொகை, முறிப்பு உரிமை ஆகியவற்றை விரித்துப் பேசும் கட்டுரையில் ‘ஒப்பந்தப் பரிமாற்றம்’ என்று எழுதுவதே துல்லியமானது. லூச்சிச்சின் ஒப்பந்தத்தில் அவர் ஒப்புதல் இன்றி அவரை மாற்ற முடியாது என்ற விதியும் இருந்தது. அவர் அதை விட்டுக்கொடுத்த பிறகே பரிமாற்றம் நடந்தது. அத்தகைய விதியைப் ‘பரிமாற்றத் தடை விதி’ எனலாம். பருவத்தில் பரிமாற்றங்களுக்குக் குறிக்கப்படும் இறுதி நாளைப் ‘பரிமாற்றக் கெடு’ என்றும், எட்மன்டன் தன்னிடம் நிறுத்திக்கொண்ட 7.5 லட்சம் டாலர் போன்ற பங்கைத் ‘தக்கவைத்த ஊதியம்’ என்றும் வழங்கலாம். வினையாக எழுதும்போது ‘நீல் பரிமாறப்பட்டார்’ என்றால் பந்தியில் இலை போட்ட நினைவு வரும். ஆகவே ‘கால்கரியும் எட்மன்டனும் நீலையும் லூச்சிச்சையும் தம்முள் மாற்றிக்கொண்டன’ என்று அணிகளை எழுவாயாக வைத்து எழுதுவது தமிழ் மரபுக்கு இயைந்தது.