குழாயில் போட்டாலும் ஆள் தெரிகிற குரல்

மாரியம்மனுக்குப் பூச்சாட்டியானதும் மைக்செட்காரர் வந்து வேப்பமரத்தில் குழாயைக் கட்டுவார். நோம்பி முடிகிற வரைக்கும் விடியலில் பாட்டு. அரை மைல் தள்ளித் தோட்டத்தில் தண்ணி கட்டிக்கொண்டிருப்பவருக்கு வரிகள் காற்றில் அடித்துப்போகும், மேளமும் தெளிவாகக் கேட்காது. ஆனால் கே.பி. சுந்தராம்பாள் வாயைத் திறந்தால் ஒரு நொடியில் ஆள் தெரிந்துவிடும். கொடுமுடியில் 1908-ல் பிறந்து 1980-ல் மறைந்தவர். குரலுக்கு மட்டும் வயதே ஆகவில்லை.

அந்தத் தோட்டத்துக்காரர் வீட்டுப் பேரன் கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் போனில் கேட்பது ஃப்ரெட்டி மெர்குரி. குயீன் குழுவின் பாடகர். 1946-ல் சான்சிபாரில் ஒரு பார்சி வீட்டில் ஃபரூக் புல்சாராவாகப் பிறந்து, மகாராஷ்டிர மலையூர் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்து, லண்டனில் பேர் வாங்கி, 1991 நவம்பர் 24 அன்று எய்ட்ஸால் இறந்தவர். பேரன் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட ஒருவரின் குரல், கட்டைவிரல் அகல ஸ்பீக்கரில் கேட்டும் அவனைப் பிடித்துவைக்கிறது.

இரண்டுக்கும் பொதுவான சங்கதி ஒன்று உண்டு. உயர்ந்த ரக செட்டில் மட்டும் நன்றாக இருக்கிற குரல் நிலைப்பதில்லை. மட்டமான கருவி எதையெல்லாம் வெட்டியெறிகிறதோ, அதையெல்லாம் இழந்த பின்னும் அடையாளம் மிஞ்சுகிற குரல்தான் நிலைக்கிறது.

முதலில் குழாய் எதை வெட்டுகிறது என்று பார்ப்போம். கோயில்களில் கட்டும் கூம்புக் குழாய் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 300 அதிர்வுக்கு, கீழே ஒன்றும் பேசாது, 5,000 அல்லது 6,000-க்கு மேலேயும் பேசாது. இடைப்பட்டதை மட்டும் வெகு உரக்கச் சொல்லும். பாஸ் வேண்டுமென்று ஆம்ப்ளிஃபயரில் திருகைக் கூட்டினால் பாஸ் வராது. உள்ளேயிருக்கும் யூனிட்டின் அதிர்தகடு (டயாஃப்ரம்) தாங்குவாரில்லாமல் குதித்து, அதோடு ஒட்டிய கம்பிச்சுருள் (காயில்) கெட்டுப்போகும். அனுபவப்பட்ட மைக்செட்காரர் குழாய்க்குப் போகும் லைனில் பாஸை முழுக்கக் குறைத்து வைப்பது இதனால்தான். போன் ஸ்பீக்கர் இன்னும் மோசம். 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் வெறும் மூச்சுதான்.

ஆண்களின் பேச்சுக் குரலோ 100 முதல் 130 ஹெர்ட்ஸ். குழாயும் போனும் வெட்டிவிடுகிற இடத்தில்தான் அது இருக்கிறது. அப்படியிருந்தும் போனில் பேசுகிற மாமாவின் கட்டைக் குரல் கட்டைக் குரலாகவே கேட்கிறதே, எப்படி?

குரல்நாண்கள் நொடிக்கு 117 தடவை திறந்து மூடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போது 117 மட்டும் பிறப்பதில்லை. 234, 351, 468, 585, 702 என்று அதன் மடங்குகள் எல்லாம் சேர்ந்தே பிறக்கின்றன. ஸ்பீக்கர் முதல் மூன்றை விழுங்கிவிட்டாலும் மிச்சமுள்ளவற்றின் நடுவே இடைவெளி 117 ஆகத்தான் இருக்கிறது. காதும் மூளையும் அந்த இடைவெளியைப் பார்த்து, இல்லாத அடிச்சுரத்தைத் தாங்களே போட்டுக்கொள்கின்றன. கடைக்காரர் சில்லறையைப் பார்த்தே நாம் கொடுத்த நோட்டு எதுவென்று சொல்லிவிடுவது மாதிரி.

117 என்ற எண்ணைச் சும்மா போடவில்லை. கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்ட் என்ற ஆஸ்திரியக் குரலியல் ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், மெர்குரியின் ஆறு பேட்டிகளை அளந்து கண்ட பேச்சுக் குரலின் நடு அளவு 117.3 ஹெர்ட்ஸ். பாரிடோன் வகை, அதாவது நடுத்தர ஆண்குரல். அந்தத் தொண்டையோடுதான் அவர் ஏறத்தாழ 92 ஹெர்ட்ஸிலிருந்து 784 ஹெர்ட்ஸ் வரை போயிருக்கிறார். நம் கணக்கில் மூன்று ஸ்தாயியும் அதற்கு மேல் ஒரு ஸ்வரஸ்தானமும். நான்கு ஸ்தாயி என்று ரசிகர்கள் சொல்வதுண்டு; அதற்கு நம்பத்தகுந்த பதிவு கிடைக்கவில்லை என்றே அந்த ஆய்வு முடிக்கிறது. எல்லைகளைவிட, அவற்றுக்கு நடுவே அவர் செய்த வேலையில்தான் விஷயம் இருக்கிறது.

அதற்கு முன் குரல் பாதையைப் பற்றிக் கொஞ்சம். சொட்டுநீர்க் குழாய் போட்டு மிச்சமான ஓரங்குல பிவிசி பைப் இருந்தால் 17 சென்டிமீட்டருக்கு ஒரு துண்டு அறுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை உள்ளங்கையால் இறுக மூடி, மறுமுனையின் விளிம்பில் புல்லாங்குழல் ஊதுவதுபோல் ஊதினால் 480 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு சத்தம் வரும். உதடு வாயை அதிகமாக மறைத்தால் இன்னும் இறங்கும். கை சரியாக மூடாவிட்டால் வெறும் காற்றுதான். வளர்ந்த ஆணின் குரல்நாணிலிருந்து உதடு வரைக்குமான நீளம் ஏறத்தாழ இதே 17 சென்டிமீட்டர். ஒரு முனை மூடிய குழாய் 500, 1,500, 2,500 என்று ஒற்றைப்படை மடங்குகளில் ஒத்ததிரும்; அந்த இடங்களில் சத்தம் மேடுபோல் எழும். நாக்கையும் தாடையையும் அசைத்து அந்த மேடுகளை நகர்த்துவதைத்தான் நாம் ஆ, ஈ, ஊ என்கிறோம்.

குரல்நாணுக்குச் சற்று மேலே இருக்கிற சின்ன அறையைப் பாடகர் குறுக்கிப் பிடித்தால் மேல்வரிசை மேடுகள் 3,000 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக்கொள்கின்றன. பக்கவாத்தியக் கூட்டத்தின் சத்தம் 500-ஐ ஒட்டிக் குவிந்து, மேலே போகப்போகக் குறைந்துவிடும். 3,000-ல் போட்டியே கிடையாது. இன்னொரு பக்கம், நம் காதுத் துளையின் நீளம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர். அதே குழாய்க் கணக்குப்படி அது 3,000-க்குக் கொஞ்சம் மேலே ஒத்ததிர்ந்து அந்தச் சத்தத்தைத் தானே பெருக்கிக் கொடுக்கிறது. கூம்புக் குழாய்க்கும் அதுதான் வாட்டமான இடம். தொண்டை, குழாய், காது மூன்றும் ஒரே இடத்தில் கூடுகின்றன. தமிழில் அதற்கு ‘கணீர்’ என்று பேர். விஞ்ஞானம் வருவதற்கு வெகுமுன்பே வைத்த பேர், மணியோசையிலிருந்து எடுத்தது. அதைவிடப் பொருத்தமான சொல் வேறெதிலும் இருப்பதாகத் தெரியவில்லை.

உச்சத்தில் பாடும் பெண்குரலுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. ஐந்து கட்டைச் சுருதியில் மேல் ஷட்ஜம் ஏறத்தாழ 392 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பு 784. வாயை நன்றாகத் திறந்து ‘ஆ’ என்றால் பெண்களின் முதல் ஒத்ததிர்வு மேடு 800-ஐ ஒட்டி வந்து நிற்கும். இரண்டும் பொருந்திய இடத்தில் கூடுதல் மூச்சுச் செலவில்லாமல் சத்தம் பெருகும். மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்டாக வேண்டியிருந்த காலத்தில், சுந்தராம்பாளும் அவர் கணவரும் நாடகப் பாடகருமான, 27 வயதிலேயே 1933-ல் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவும் வளர்ந்தார்கள். கொட்டகை, கணீர் இல்லாத குரலை வெளியே தள்ளியது. பிறகு மைக் வந்தபோது, மைக் தேவைப்படாத குரல்கள் அதன் முன்னால் நின்றன.

கணீர் தூரத்துக்குக் கொண்டுபோகும். ஆளைக் காட்டுவது பெரும்பாலும் அசைவு. நீட்டிப் பிடித்த சுரம் மேலும் கீழும் இலேசாக ஊசலாடுவதை மேற்கத்திய இசையில் வைப்ரேட்டோ என்கிறார்கள். நம் கமகம் வேறு: அது ராகம் கேட்கிறபடி பாடகர் முடிவு செய்து போடுவது. வைப்ரேட்டோ பெருமளவு தன்னால் நடப்பது. குரல்நாணை இழுக்கும் தசையும் அதை எதிர்த்து இழுக்கும் தசையும், நரம்புச் செய்தி போய்வரும் தாமதத்தோடு மாறிமாறிச் சரிசெய்துகொள்வதில் பிறக்கிற ஊசல். பயிற்சி பெற்ற பாடகர்களுக்குப் பெரும்பாலும் நொடிக்கு 5 முதல் 6 அல்லது அதற்குச் சற்று மேல். மெர்குரியின் 21 தனிக்குரல் பதிவுகளிலிருந்து 240 நீள்சுரங்களை அளந்தபோது சராசரி 7.0 வந்தது. நோயாளிகளின் குரல் நடுக்கத்தைத் தொடுகிற வேகம் அது. அதுவும் சீராக இல்லை. ஊசல்களின் இடைவெளி கூடியும் குறைந்தும் போகிறது. சங்கீத வாத்தியார் காதில் பட்டிருந்தால் திருத்தியிருப்பார். யாரும் திருத்தாமல் விட்டது உலகத்துக்கு லாபம்.

இந்த அசைவைக் குழாயாலும் தேய்ந்த கேசட்டாலும் அழிக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். கேசட் பழசானால் முதலில் போவது மேல் அலைவரிசை, ஜால்ராவின் மினுக்கம். ஊசலோ எல்லா மடங்குகளிலும் ஒரே சமயத்தில் பதிந்திருக்கிறது. ஒன்று மிஞ்சினாலும் போதும்.

அடுத்தது கரகரப்பு. குரல்நாண்களுக்கு மேலே இன்னொரு சோடி மடிப்பு உண்டு. போலிக் குரல்நாண் என்பார்கள். சாதாரணப் பேச்சில் அது சும்மா இருக்கும். ஹெர்ப்ஸ்ட் குழு, மெர்குரியின் உறுமலைப் போலவே பாடக்கூடிய ஒரு தொழில்முறை ராக் பாடகரின் தொண்டைக்குள் கேமரா விட்டு நொடிக்கு 4,132 படங்கள் எடுத்தது. குரல்நாண்கள் மூன்று முறை அடித்தால் போலி நாண்கள் ஒரு முறை அடிக்கின்றன, தாளம் தப்பாமல். பாடுவது 300 ஹெர்ட்ஸ் என்றால் கூடவே 100-ன் துடிப்பும் எழுகிறது. 300, 600, 900 என்ற படிகளுக்கு நடுவே 400, 500, 700 என்று புதுப் படிகள் முளைக்கின்றன. ஒலி நொடிக்கு 30 முதல் 150 தடவை ஏறியிறங்கினால் காதுக்கு அது கரடுமுரடு. அலறலின் அடையாளம் அதுதான் என்றும், மூளையில் அச்சத்தைக் கையாளும் அமிக்டலா அதற்குக் கூடுதலாக விழித்துக்கொள்கிறது என்றும் 2015-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ராக் பாடகர் அந்த எச்சரிக்கை மணியைச் சுரத்துக்குள் வைத்துக் கட்டுகிறார். காது திடுக்கிடுகிறது, ஆனால் சுரம் தப்பாததால் ஓடிப்போவதில்லை.

இதை வீட்டில் முயன்று பார்க்கிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு, மேல் மடிப்பை விட்டுவிட்டுக் குரல்நாணையே இறுக்கி உரசுவது. 300 ஹெர்ட்ஸில் இரண்டு நிமிடம் குரலெடுத்தால் நாண்கள் 36,000 தடவை மோதியிருக்கும். முரட்டுத்தனமாக மோதிக்கொண்டேயிருந்தால் நாணின் முன்பக்க மூன்றிலொரு பாகம் முடிகிற இடத்தில், இரண்டு பக்கமும் நேருக்கு நேராக, தோல் காய்த்துப்போனதுபோல் முடிச்சு விழும். பிறகு நாண்கள் முழுசாக மூடாது, காற்று கசியும், மேல்சுரம் உடையும். மெர்குரிக்கே தொண்டைக் கோளாறால் 1975 அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் சில நிகழ்ச்சிகள் ரத்தாயின. ரெக்கார்டில் உச்சத்தில் இருக்கிற சில இடங்களை மேடையில் அவர் இறக்கிப் பாடியதும் உண்டு. சத்தக்காட்டில் கத்திப் பேசுகிற யாருக்கும் இதே முடிச்சு வரலாம். பாட்டு வாத்தியாருக்கு வருகிற மாதிரியே தறிக்குடோன் ஃபிட்டருக்கும் வரலாம். இரண்டு வாரத்துக்கு மேல் குரல் கம்மலாக இருந்தால் மிளகுப் பாலை நம்பிக்கொண்டிராமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குரலின் கதை இவ்வளவு. கேட்கிறவரின் கதை சின்னது. பத்து வயதிலிருந்து இருபதுகளின் நடு வரைக்கும் கேட்ட பாட்டு நினைவில் ஆழமாக உட்காரும் என்பது பலமுறை சோதித்தறிந்த விஷயம். ஆனால் பாடகர் இறந்த பிறகு பிறந்தவனுக்கு? கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேரல் க்ரம்ஹான்ஸலும் ஒரு கூட்டாளியும் 2013-ல் இருபது வயதுக்காரர்களைச் சோதித்தபோது, சொந்தக் காலத்துப் பாட்டு நீங்கலாக, பெற்றோரின் இளமைக்காலப் பாட்டிலும் நினைவு கூடி ஒரு மேடு தெரிந்தது. அதற்கும் முன்னால் அறுபதுகளின் பாட்டில் இன்னொரு சின்ன மேடு. அப்பா தறி ஓட்டும்போது போட்ட செட், அம்மா மார்கழி விடியலில் கேட்ட குழாய், இரண்டும் பிள்ளை கணக்கில் வரவு வைக்கப்படுகின்றன. தறிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கிற குரல் மட்டுமே அந்த வரவில் சேர்ந்திருக்கும் என்பது எங்கள் ஊகம்.

அசைவைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சத்தத்தின் அலைவரிசைகளைக் கோடுகளாக வரைந்து காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் ஆப் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசமாகவே கிடைக்கிறது. எஃப்எஃப்டி அளவை, அதாவது ஒரு கணக்குக்கு எத்தனை ஒலி மாதிரிகளை எடுப்பது என்ற எண்ணை, 2,048-ல் வையுங்கள். 8,192 வைத்தால் ஒவ்வொரு கணக்குக்கும் ஆப் 186 மில்லிநொடியைச் சேர்த்துப் பார்க்கும். மெர்குரியின் ஓர் ஊசலுக்கு ஆவதே 143 மில்லிநொடிதான், ஆக மேடும் பள்ளமும் குழம்பித் தடித்த கோடாகிவிடும். 512 வைத்தால் மடங்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டிரம்ஸ் இல்லாமல் குரல் தனியாக நிற்கிற இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பீக்கரில் போட்டால் அறையின் எதிரொலியும் படத்தில் பூசிக்கொள்ளும். ஒரு இயர்போனை மைக் துளைக்குப் பக்கத்தில் வைத்துப் போடுவது நல்லது. அடிக்கோட்டைப் பார்க்காதீர்கள், ஊசல் அங்கே கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிசு. ஆறாவது, ஏழாவது கோட்டைப் பாருங்கள். அங்கே அதே ஊசல் ஆறேழு மடங்கு பெரிசாகத் தெரியும். இரண்டு நொடிக்கு 14 மேடுகளை ஒட்டி வரும், இடைவெளி ஒன்றுபோல் இருக்காது. அதற்கப்புறம் சுந்தராம்பாளின் பழைய பதிவு எதையாவது போடுங்கள். இசைத்தட்டின் இரைச்சல் படம் முழுக்கப் புகைமூட்டமாகப் படிந்திருக்கும். அதற்குள்ளிருந்து 3,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் அடுக்கடுக்காகக் கோடுகள், ஒரு கமகத்துக்கு எல்லாம் சேர்ந்தே வளைந்து கொடுக்கும்.