புழுவை அடக்கும் ஆடுகள் ஏன் மந்தை முழுக்க இல்லை?

ஒரே பட்டியில் பிறந்து, ஒரே புல்லை மேய்ந்து வளர்ந்த செம்மறிக் குட்டிகளின் புழுக்கையைத் தனித்தனியாகச் சோதித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். சில குட்டிகளில் கிராமுக்கு நூறு புழு முட்டைகூடத் தேறாது. பக்கத்தில் நிற்கும் குட்டியில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். மந்தையில் பெரும்பாலான ஆடுகள் கொஞ்சம் புழுவோடு காலம் தள்ள, மிச்சப் புழுவையெல்லாம் ஒரு சிறு கூட்டம் சுமக்கிறது. மேய்ச்சல் நிலத்தில் முட்டையைக் கொட்டி மற்ற ஆடுகளுக்கும் பரப்புவது பெரும்பாலும் இந்தச் சிறு கூட்டம்தான்.

எண்ணுவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். புழுக்கையைக் கெட்டியான உப்புக் கரைசலில் கரைத்தால் முட்டைகள் மிதந்து மேலே வரும். கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் ஊற்றி நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம். சிட்னியிலிருந்த மக்மாஸ்டர் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் 1939-ல் வெளியிட்ட முறை இது. இன்றும் கால்நடை ஆய்வகங்களில் இதுதான் ஓடுகிறது.

இந்த வேறுபாட்டைச் சாதாரணமாக ஒதுக்க முடியாது, ஆட்டின் உயிரே இதில் இருக்கிறது. புழுக்களில் மோசமானது ஹீமாங்கஸ். ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு புழு ஒரு நாளைக்குக் குடிப்பது 0.05 மில்லிலிட்டர்தான். ஆனால் ஆயிரம் புழு இருந்தால் தினமும் 50 மில்லி போய்விடும். இரத்தசோகை வந்து, தாடைக்குக் கீழே நீர் கோத்து, குட்டி செத்துப்போகும். மருந்து இருக்கிறதே என்றால், அதன் கதை வருத்தமானது. தயாபெண்டசோல் 1961-ல் வந்தது. அதற்கு அடங்காத ஹீமாங்கஸ் 1964-லேயே பதிவாகிவிட்டது. 1980-களில் ஐவர்மெக்டின் வந்தது, அதற்கும் அதே கதி. 2009-ல் மோனெபான்டெல் விற்பனைக்கு வந்தது, சில ஆண்டுகளுக்குள் அதையும் தாங்கும் புழுக்கள் வந்துவிட்டன. மருந்தில் இப்படித் தோற்றுக்கொண்டே இருந்ததால்தான் ஆட்டின் மரபணு பக்கம் பலரும் திரும்பினார்கள்.

ஆஸ்திரேலியாவின் ஆர்மிடேலில் 1970-களின் இறுதியில் மெரினோ என்ற கம்பளி இனச் செம்மறிகளை வைத்து ஒரு நீண்ட சோதனை தொடங்கியது. முட்டை குறைவாக வந்த ஆடுகளை ஒரு வரிசையாகவும், அதிகம் வந்தவற்றை இன்னொரு வரிசையாகவும் பிரித்துத் தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்கினார்கள். இரண்டு வரிசைகளும் விலகிக்கொண்டே போயின. நியூசிலாந்திலும் இதே மாதிரி நடந்தது. பல மந்தைகளின் கணக்கைப் பார்த்தால், முட்டை எண்ணிக்கையில் ஆட்டுக்கு ஆடு தெரியும் வேறுபாட்டில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மரபணுவால் வருகிறது. கறவை மாட்டின் பால் அளவும் கிட்டத்தட்ட இதே அளவுக்குத்தான் பரம்பரையாக வருகிறது. பாலுக்காகக் காளையைத் தேர்ந்தெடுக்க முடியுமென்றால், புழு எதிர்ப்புக்காகக் கிடாவையும் தேர்ந்தெடுக்கலாம்.

சரி, அந்த மரபணு உள்ளே என்ன செய்கிறது? ஸ்காட்லாந்தின் கருமுகச் செம்மறிகளில் நடந்த ஆய்வுகள் இதற்கு எதிர்பாராத விடை ஒன்றைத் தந்தன. அங்கே டெலடார்சேஜியா என்ற இன்னொரு இரைப்பைப் புழு அதிகம். எதிர்ப்புள்ள குட்டியின் வயிற்றில் புழுவே குறைவாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் குட்டிகளிடையே மரபுவழி வேறுபாடு தெரிந்தது புழுவின் எண்ணிக்கையில் இல்லை, நீளத்தில். இரைப்பைச் சுவரில் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளை (அந்நியப் பொருளோடு மோத உடல் உண்டாக்கும் புரதம்) நிறையச் சுரக்கும் குட்டியின் வயிற்றில் புழுக்கள் குட்டையாகவே நின்றுவிட்டன. புழு குட்டையானால் அது இடும் முட்டையும் குறைவு. அதாவது இளம் ஆடு புழுவைக் கொல்வதில்லை, வளரவிடாமல் முடக்கிப்போடுகிறது. வயது ஏற ஏற இன்னொரு படை சேர்கிறது. ஐஜிஇ என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருளும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்களும் கைகோத்து, உள்ளே வரும் இளம்புழுக்களை ஒட்டவே விடாமல் வெளியேற்றுகின்றன. பிறந்து ஒன்றிரண்டு மாதமே ஆன குட்டியிடம் மரபுவழி வேறுபாடு கிட்டத்தட்டத் தெரிவதே இல்லை. புழுவோடு கொஞ்ச காலம் பழகிய பிறகுதான் யார் வீட்டுப் பிள்ளை என்பது வெளிப்படும்.

இதற்கெல்லாம் ஒரே ஒரு மரபணுவைக் கைகாட்ட முடிந்தால் வேலை சுலபமாக இருந்திருக்கும். அப்படி ஒன்று இல்லை. 20-ஆம் குரோமோசோமில் அந்நியப் பொருளை அடையாளம் காட்டும் எம்எச்சி மரபணுத் தொகுதி, 3-ஆம் குரோமோசோமில் எதிர்ப்பு அணுக்களுக்குச் சேதி சொல்லும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தின் மரபணுவை ஒட்டிய பகுதி என்று சில இடங்கள் மறுபடி மறுபடி ஆய்வுகளில் தலைகாட்டின. ஆனால் ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. நூற்றுக்கணக்கான இடங்கள் துளித்துளியாகச் சேர்ந்துதான் ஓர் ஆட்டை எதிர்ப்புள்ளதாக ஆக்குகின்றன.

என்னை அதிகம் ஈர்ப்பது வேறு கேள்வி. எதிர்ப்பு இவ்வளவு நல்லது, பரம்பரையாகவும் வருகிறது என்றால், இயற்கைத் தேர்வு ஏன் எல்லா ஆட்டையும் எப்போதோ அப்படி மாற்றிவிடவில்லை?

ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக்கில் செயின்ட் கில்டா என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. அதிலுள்ள ஹிர்ட்டா தீவின் மக்கள் 1930-ல் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். 1932-ல் பக்கத்துத் தீவிலிருந்து 107 சோவே செம்மறிகளை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். அன்றிலிருந்து அவற்றுக்கு மேய்ப்பனும் இல்லை, மருந்தும் இல்லை. 1985 முதல் ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொரு ஆட்டுக்கும் காதில் அடையாளம் போட்டு அதன் பிறப்பு, எடை, முட்டை எண்ணிக்கை, சாவு எல்லாவற்றையும் குறித்துவருகிறார்கள். சில குளிர்காலங்களில் அங்கே பாதிக்கும் மேற்பட்ட ஆடுகள் செத்துவிழும். பசி ஒரு பக்கம் என்றால் புழு இன்னொரு பக்கம். புழு மருந்து கொடுத்துப் பார்த்த ஆடுகள் கூடுதலாகப் பிழைத்தன. நெருங்கிய உறவுக்குள் பிறந்த ஆடுகளில் புழு அதிகம், அவைதான் முதலில் செத்தன. மருந்து கொடுத்தபோது அந்த வித்தியாசம் மறைந்துபோனது.

இதே ஆடுகளில்தான் எதிர்ப்பின் விலையும் தெரிந்தது. 2010-ல் வெளியான ஆய்வு ஒன்று அவற்றின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் சுரப்பு எவ்வளவு தீவிரம் என்று அளந்தது. தீவிரம் அதிகமுள்ளவை கடுங்குளிரில் கூடுதலாகப் பிழைத்தன. ஆனால் ஆண்டுதோறும் குட்டி ஈனுவதில் அவை பின்தங்கின. நல்ல ஆண்டில் ஒரு வகைக்கு லாபம், மோசமான ஆண்டில் இன்னொரு வகைக்கு. இரண்டு பக்கமும் இழுபறி நீடிப்பதால் இரண்டு வகை மரபணுக்களும் மந்தையில் தங்கிவிடுகின்றன.

பண்ணையிலும் இந்த விலை கண்ணில் படும். மேற்கு ஆஸ்திரேலியாவில் ரைலிங்டன் மெரினோ என்ற மந்தையை முட்டைக் குறைவுக்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். முட்டை நன்றாகவே குறைந்தது. கூடவே கழிச்சல் வந்தது. வயிற்றுக்குள் வரும் ஒவ்வொரு இளம்புழுவுக்கும் உடல் ஆவேசமாகச் சண்டை போட, குடல் வீங்கி, பின்பக்கக் கம்பளி அழுக்காகி, அங்கே ஈ மொய்க்கத் தொடங்கியது. இதனால் இப்போது கிடா தேர்ந்தெடுப்பவர்கள் முட்டை எண்ணிக்கையோடு கழிச்சலையும் எடையையும் கம்பளியையும் ஒரே மதிப்பெண்ணில் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

கென்யாவில் ரெட் மாசாய் என்ற நாட்டுச் செம்மறி இருக்கிறது. உருவம் சிறிது, விலையும் குறைவு. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த டார்ப்பர் பெரிய உருவமும் நல்ல கறியும் உள்ளது என்பதால் மேய்ப்பர்கள் அதோடு கலப்பு செய்து, கலப்பில்லாத ரெட் மாசாய் அருகிக்கொண்டே போனது. ஆனால் ஈரம் நிறைந்த கடற்கரைப் பகுதியில் இரண்டையும் சேர்த்து வளர்த்துப் பார்த்தபோது டார்ப்பர் குட்டிகள் ஹீமாங்கஸுக்குப் பலியாக, ரெட் மாசாய் தாக்குப்பிடித்தது. புழு குறைந்த வறண்ட மேட்டு நிலத்தில் டார்ப்பருக்கே லாபம்.

ஆடு மாறினால் புழுவும் மாறாதா என்ற சந்தேகம் நியாயமானது. மருந்தை முறியடித்த புழுவாயிற்றே. ஆஸ்திரேலியாவில் இதையும் சோதித்தார்கள். எதிர்ப்புள்ள ஆடுகளின் வழியாகவே ஹீமாங்கஸை 14 தலைமுறை வளர்த்துவிட்டு, அந்தப் புழுக்கள் எதிர்ப்பைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டனவா என்று பார்த்தார்கள். கற்றுக்கொள்ளவில்லை. மருந்து தாக்குவது புழுவின் உடலில் ஒரே ஓர் இடத்தை, அதை மாற்றிக்கொள்ள ஓரிரு மரபணு போதும். ஆட்டின் எதிர்ப்போ பல மரபணுக்களின் கூட்டு வேலை. அத்தனையையும் ஒருசேர முறியடிப்பது புழுவுக்கு அவ்வளவு சுலபமாக வாய்ப்பதில்லை.