வலசை

செப்டெம்பர் பிறந்தால் மலையகத் தோட்டங்களில் தண்ணீர் விழும் பீலிக்கரைப் பக்கம் ஒரு குருவி தென்படும். முதுகு சாம்பல், அடிவயிறு மஞ்சள், அந்தச் சின்ன உடம்புக்கு நம்ப முடியாத நீளத்தில் வால். கல்லில் இறங்கிய நொடியிலிருந்து வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். பூச்சி கண்ணில் பட்டால் தண்ணீருக்கு மேலே ஒரு துள்ளு, மறுபடியும் அதே கல். ஏப்ரல் கழிந்தால் ஆளைக் காணோம். வாலாட்டிக் குருவி என்று பெயர் சொல்லிவிடுவோம். வருடாவருடம் அது வடக்கே போய்க் குஞ்சு பொரித்துவிட்டு வருகிறதே, அந்தப் போக்குவரவுக்கு என்ன பெயர் என்பதில்தான் இழுபறி.

புலம்பெயர் பறவை, இடம்பெயர் பறவை, குடிபெயர் பறவை என்று மூன்று விதமாகவும் எழுதுகிறார்கள். மூன்றும் நல்ல தமிழ்தான். ஆனால் இலங்கையில் இந்தச் சொற்களுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. புலம்பெயர்ந்தோர் என்றால் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தக்காரர்கள். இடம்பெயர்ந்தோர் என்றால் போருக்கோ மண்சரிவுக்கோ வீட்டை விட்டுவிட்டுப் பாடசாலைக் கட்டடத்தில் பாய் விரித்திருப்பவர்கள். குடி என்று ஆரம்பித்தாலே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்து வரிசை ஞாபகத்துக்கு வருகிறது. குருவிக்கு ஏது கடவுச்சீட்டு?

தமிழகத்தில் பறவை பார்க்கிறவர்கள் இதற்கு வலசை என்கிறார்கள். வலசை போகிறது, வலசை வந்திருக்கிறது, வலசைக் காலம், வலசைப் பாதை என்று எந்தப் பக்கமும் வளைந்து கொடுக்கும் சொல். யானைக் கூட்டம் காடு மாறுவதையும் அங்கே வலசை என்றே சொல்கிறார்கள். நாமும் இதையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

ஆனால் இது பிறவியிலேயே பறவைக்கு உண்டான சொல் அல்ல. பகைவர் படை போன்றவற்றுக்கு அஞ்சி மக்கள் ஊரை விட்டுக் கிளம்பிப் போவதுதான் அகராதி தரும் பழைய பொருள். தெலுங்கில் வலஸ, கன்னடத்தில் வலசெ என்று அக்கம்பக்கத்திலும் இருக்கிறது. அங்கே இன்றைக்கும் வேலை தேடி ஊர் மாறுகிறவர்களைப் பற்றிப் பேசும்போது சாதாரணமாக வரும். வலம் என்பதோடு இதை முடிச்சுப் போட்டு, வலம் வருவதால் வலசை என்று விளக்கத் தோன்றும். கேட்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். ஊர் பெயர்தல் என்ற பொருளுக்கு அந்த வழியில் போய்ச் சேர முடியாது. ஊர்ப்பெயர்களைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். இராமநாதபுரம் பக்கம் இடையர்வலசை போல வலசை என்று முடியும் ஊர்கள் உண்டு. எங்கிருந்தோ பெயர்ந்து வந்தவர்கள் இறங்கிய இடம் என்ற பொருள் அந்தப் பெயரிலேயே கிடக்கிறது.

இன்னும் பழையதாக வேண்டும் என்றால் சங்கப் பாட்டுக்குப் போகலாம். போர்க்களத்தில் விழுந்த ஆய் எயினனின் உடல்மேல் வெயில் படாமல் பறவைகள் கூட்டமாக வட்டமிட்டதை அகநானூறு (181) சொல்லுமிடத்தில், ‘வம்பப் புள்’ என்று வருகிறது. வம்பு என்றால் அன்று புதுமை. வம்பப் புள் என்பது புதிதாக வந்த பறவை. வம்பலர் என்றால் புதியவர், வழிப்போக்கர். அருமையான சொல்தான், ஆனால் இன்றைக்கு வம்பு என்றால் சண்டை. ‘நுவரெலியா விக்டோரியா பூங்காவில் வம்பப் பறவைகள்’ என்று தலைப்புப் போட்டால் பொலிஸுக்குத்தான் யாராவது அழைப்பார்கள். பிசிராந்தையாரோ குமரித் துறையில் அயிரை மீனைத் தின்றுவிட்டு வடமலைக்குப் ‘பெயர்குவை ஆயின்’ என்று அன்னச் சேவலிடம் பேசுகிறார் (புறநானூறு 67). ஆக, பெயர்தலும் பறவைக்குப் பழகிய சொல்தான். நம் நாட்டில் மனிதர்கள் அதை முழுவதுமாக எடுத்துக்கொண்டார்கள், அதனால்தான் சிக்கல்.

அப்புறம், மலையகத்தாருக்கு வலசை என்பது அடுத்த வீட்டுக் கதையும் அல்ல. நுவரெலியா விக்டோரியா பூங்காவில் ஒக்டோபர் தொடங்கி மார்ச் வரை பார்க்கக் கிடைக்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் இமயமலைப் பக்கமிருந்து வருகிறது. காலையிலும் மாலையிலும் கூவும் ஆறுமணிக் குருவியும் இந்தியாவிலிருந்துதான் வருகிறது. இதே பருவத்தில், கோப்பிப் பழம் பறிக்கும் காலம் பார்த்து, இராமநாதபுரம், மதுரை, திருச்சிப் பக்கத்து மக்கள் 19ஆம் நூற்றாண்டில் கடல் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியில் இறந்தவர்கள் ஏராளம். பறிப்பு முடிந்ததும் பிழைத்திருந்தவர்களில் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். சொல்லுக்குச் சொல் வலசை இதுதான். 1869இல் கோப்பி இலைநோய் தலைகாட்டியது. அடுத்து வந்த தேயிலைக்கோ வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க ஆள் வேண்டும். லயங்கள் என்ற வரிசை வீடுகளில் குடும்பங்கள் நிலைத்தன. திரும்பிப் போவது நின்றபோது வலசையும் நின்றது. அதன்பிறகு நடந்தது குடியேற்றம். இன்று பறவைக்கு இந்தச் சொல்லைச் சொல்லும்போதும் போய்த் திரும்புவது என்ற பொருளை இறுக்கிப் பிடித்துக்கொள்வது நல்லது.

பிஞ்ச் குருவிகளை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். கடையில் கூண்டில் வைத்து விற்கும் பிஞ்ச், நம் சில்லைகளின் சொந்தம். மலைநாட்டுப் புல்வெளிகளில் முகமும் தொண்டையும் கறுத்த ஒரு சில்லை இருக்கிறது. புல்விதை முற்றும் இடம் பார்த்துக் கூட்டமாக மாறித் திரியுமே தவிரக் கடல் தாண்டாது. அதை வலசைப் பறவை என்று எழுதக் கூடாது.

உண்மையான பிஞ்ச் குடும்பம் வேறு. அதில் ஐரோப்பாவில் சாதாரணமாகக் காணப்படும் ஒன்றுக்கு, உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1758இல் வைத்த பெயரில் ‘சீலெப்ஸ்’ என்று ஒரு பகுதி உண்டு. லத்தீனில் மணமாகாதவன் என்று பொருள். அவருடைய சுவீடனில் குளிர் வந்தால் பெட்டைகள் தெற்கே போய்விடும்; சேவல்களில் பல அங்கேயே தனியாகக் கிடக்கும். வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போன பெண்களின் கணவன்மார் இருக்கும் தோட்டங்களில் இந்தப் பெயரை யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

அதே குடும்பத்தில் கத்தரிக்கோல்போல அலகு குறுக்காக மாறி நிற்கும் ஒரு குருவி உண்டு. வடக்கத்திய ஊசியிலைக் காடுகளில் கூம்புக்காய் விதைதான் அதன் சாப்பாடு. காய்ப்பு நன்றாக இருந்தால் அசையாது. பொய்த்துவிட்டால் மாதம் எது, திசை எது என்று பாராமல் கூட்டத்தோடு கிளம்பிவிடும். எங்கே விதை கிடைக்கிறதோ அங்கேயே கூடும் கட்டும். இதற்கும் வலசை என்று சொல்லலாமா? பருவம் தவறாத போக்குவரவு என்ற இன்றைய பொருளில் பொருந்தாது. ஊரைக் காலிசெய்து ஓடுவது என்ற அகராதிப் பொருளில் வாலாட்டியைவிட இதற்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது.